சன்ஷேடின் அடியில் காடி போடுவது அவசியமா?

கடலூரில் கட்டி முடியும் நிலையில் இருக்கும் தங்கள் காங்கிரீட் வீட்டுக்குச் சன்ஷேடின் அடியில் டிரிப் மோல்டு, அதாவது நீரைச் சொட்டவைக்கும் காடி (சிறு பள்ளக்கோடு) போடச் சொன்னபோது, ‘அதெல்லாம் பழைய காலத்து வேலை, நல்ல வெளிப்புறப் பெயின்ட் அடித்தால் போதும்’ என்று மேஸ்திரி மறுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் அனுப்பிய காணொளியில் கூரையின் ஓரம் முழுவதும் வளைந்த உலோகத் தகடு ஒன்றை அடிப்பதைப் பார்த்துவிட்டு, அதையே வரவழைத்து மொட்டை மாடியின் ஓரத்தில் பொருத்தலாமா என்றும் கேட்கிறீர்கள். கேள்வி தகட்டைப் பற்றியதாகத் தோன்றினாலும், கூரையின் ஓரத்துக்கு வந்து சேரும் மழைநீர் ஏன் நேரே கீழே விழாமல் சுவரை நோக்கித் திரும்புகிறது, அதைத் தடுக்க நம் ஊர்க் கட்டடத்துக்கு எது போதும் என்பதையே தாங்கள் அறிய விரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கடற்கரை மாவட்டங்களில் நெடுங்காலம் கட்டட வேலை பார்த்த பொறியாளன் என்ற முறையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தகடு தேவையில்லை, காடி தேவை. மேஸ்திரியின் பேச்சில் கால் பங்கு உண்மை இருக்கிறது. ஆனால் காடி மட்டும் ஒரு கூரையைக் காப்பாற்றிவிடும் என்று நம்பினால் அதுவும் ஏமாற்றத்தில்தான் முடியும்.

நீர் காங்கிரீட், பூச்சு, மரம், ஓடு போன்ற பரப்புகளோடு ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது. டம்ளரிலிருந்து தண்ணீரை மெல்லச் சாய்த்தால் அது விளிம்பைத் தாண்டி நேரே விழாமல் டம்ளரின் வெளிப்பக்கமாகவே வழிந்து அடிவரை போவதைப் பார்த்திருப்பீர்கள். கூரை ஓரத்திலும் அதுவே நடக்கிறது. பலத்த மழையில் நீர் வேகமாக ஓரத்தைக் கடப்பதால் பெரும்பகுதி எகிறி விழுந்துவிடும். தொல்லை தருவது மெல்லிய தூறலும், மழை விட்ட பிறகு நெடுநேரம் வடியும் மிச்ச நீரும்தான். அவை சன்ஷேடின் முன்முகத்தில் இறங்கி, கீழ் விளிம்பைச் சுற்றிக்கொண்டு, அடிப்பரப்பில் தலைகீழாக ஒட்டியபடியே சுவரை நோக்கி நகர்கின்றன. அடிப்பரப்பு சுவர்ப்பக்கம் சற்றே தாழ்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம், ஜன்னல் தலைப்பு வரை நனைந்துவிடும். காடி என்பது இந்தப் பயணத்தின் குறுக்கே வெட்டிய சிறு பள்ளம். அடியில் ஒட்டி வரும் நீர் பள்ளத்தின் விளிம்பை அடைந்ததும் மேலே செல்லாமல் முன்னேற முடியாது. புவியீர்ப்பு அதற்கு இடம் தராததால் விளிம்பிலேயே திரண்டு, துளி கனத்ததும் விழுகிறது. இவ்வளவுதான் இதன் இயக்கம், இதில் ஐயத்துக்கு இடமில்லை.

பள்ளத்தின் அளவு ஏன் முக்கியம் என்பதும் இங்கிருந்தே விளங்கும். சாதாரண வெப்பநிலையில் நீரின் பரப்பு இழுவிசையும் எடையும் சமமாகப் போட்டியிடும் நீளம் ஏறத்தாழ 2.7 மில்லிமீட்டர். தொங்கும் ஒரு துளி இதைப் போல ஓரிரு மடங்கு அகலத்துக்கு எளிதாகப் பரவும். ஆகவே 4, 5 மில்லிமீட்டர் அகலத்தில் கரணை முனையால் கீறிவிட்ட கோட்டைத் துளி பாலம் போட்டதுபோல் கடந்துவிடும். கோடு இருக்கும், பயன் இருக்காது. அகலமும் ஆழமும் 10 முதல் 12 மில்லிமீட்டர் இருந்தால் அந்தப் பாலம் உருவாகாது. ‘காடி போட்டும் தண்ணீர் உள்ளே வருகிறது’ என்று என்னை அழைத்துக் காட்டிய பல வீடுகளில் நான் கண்டது இத்தகைய கீறலைத்தான், அல்லது பெயின்டர் பட்டி பார்க்கும்போது பட்டியால் அடைத்துச் சமமாக்கிவிட்ட காடியைத்தான்.

அமெரிக்கத் தகட்டைப் பற்றி. அங்கே பெரும்பாலான வீடுகளின் கூரை சரிவானது. மரச் சட்டங்களின் மேல் ஒட்டுப்பலகை, அதன் மேல் நீர்காப்புத் தாள், அதன் மேல் ஆஸ்பால்ட் சிங்கிள் என்னும் தார்ப்பட்டைகள் என்று அடுக்கடுக்காக அமைந்தது. தார்ப்பட்டையின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு நீர் அடியில் நுழைந்தால் ஒட்டுப்பலகையின் வெட்டுமுனை ஊறி உளுத்துப்போகும், அதைத் தாங்கும் ஓரப்பலகையும் கூடவே போகும். அந்த முனையை மூடி, நீரை வெளியே தள்ளிச் சொட்டவைப்பதே தகட்டின் வேலை. அந்நாட்டின் பல மாநிலங்கள் பின்பற்றும் குடியிருப்புக் கட்டட மாதிரி விதித்தொகுப்பு 2012 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து சிங்கிள் கூரைகளின் சரிவு ஓரத்திலும் பக்க ஓரத்திலும் இத்தகட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தகடு பலகையின் மேல் குறைந்தது 2 அங்குலம் படிந்திருக்க வேண்டும், பலகைக்குக் கீழே கால் அங்குலமாவது தொங்க வேண்டும், இரு துண்டுகள் சேருமிடத்தில் 2 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும், ஆணிகள் 12 அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. கீழ் ஓரத்தில் நீர்காப்புத் தாள் தகட்டின் மேலே வரவேண்டும், பக்க ஓரத்தில் தகட்டின் அடியில் போகவேண்டும் என்ற நுட்பத்தையும் விதி பிரித்துச் சொல்கிறது. மேலிருந்து வரும் நீர் எப்போதும் அடுத்த அடுக்கின் மேல்தான் விழ வேண்டும், காற்று பக்கவாட்டில் தள்ளும் நீர் தாளின் அடியில் நுழையக் கூடாது என்பதே இதன் காரணம்.

தங்கள் வீட்டில் உளுத்துப்போக ஒட்டுப்பலகை இல்லை. அத்தகட்டைக் காங்கிரீட் ஓரத்தில் பொருத்த வேண்டுமானால் துளையிட்டுத் திருகவேண்டும். எந்த இடத்தைக் காக்க நினைக்கிறோமோ அந்த இடத்திலேயே வரிசையாகத் துளை போடுவதாக அது முடியும். வெயிலில் உலோகமும் காங்கிரீட்டும் விரிந்து சுருங்கும் அளவு வேறுவேறு என்பதால் இடையில் பூசிய பசை சில ஆண்டுகளில் விட்டுப்போகும், அதன் பின்னால் புகும் நீர் காய்வதற்கு வழியே இருக்காது. போதாக்குறைக்குக் கடற்காற்று. துத்தநாகப் பூச்சிட்ட மெல்லிய இரும்புத் தகடு கடலூரில் எவ்வளவு விரைவில் துருவேறும் என்பதைத் துறைமுகப் பக்கத்து ஷீட் கூரைகளைப் பார்த்தாலே தெரியும்.

நம் மொட்டை மாடி வீட்டில் நீர் சொட்டும் ஓரங்கள் வேறிடத்தில் இருக்கின்றன. மாடியில் விழும் மழை கைப்பிடிச் சுவருக்கு உள்ளேயே தங்கி, தளத்தின் சரிவில் ஓடி, குழாய் வழியே இறங்கிவிடுகிறது. 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் அந்நீர் தொட்டிக்கோ கிணற்றுக்கோ போயாக வேண்டும், ஓரத்தில் வழிய அதற்கு வேலையே இல்லை. எனவே தாங்கள் கவனிக்க வேண்டியவை சன்ஷேடுகள், கைப்பிடிச் சுவரின் தலை, பால்கனித் தளத்தின் ஓரம், சுவரைத் தாண்டி நீட்டிய தளப் பகுதி, படிக்கட்டு அறையின் மூடுதளம் ஆகியவை. இவற்றில் விழும் மழையின் அளவு சிறிதுதான். ஆனால் அது வடகிழக்குப் பருவமழையில் வாரக்கணக்கில், காய இடைவெளி இல்லாமல் விழுகிறது.

அதனால் என்ன கெடும் என்று மேஸ்திரி கேட்கலாம். முதலில் கெடுவது அழகு: அடிப்பரப்பில் கறுப்புப் பாசி, சுவரில் நீளமான கறைகள். அது மட்டும் என்றால் நானும் பெயின்ட் அடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிடுவேன். அடுத்து கெடுவது கம்பி. நல்ல காங்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல உட்புகுந்து அந்தக் காரத்தன்மையைக் குறைக்கிறது, கடற்காற்றின் உப்போ காரத்தன்மை குறையாதபோதும் கம்பியைத் தாக்கவல்லது. இவை இரண்டும் ஈரம் இருந்தால்தான் கம்பியைத் தின்ன முடியும். துரு, தான் உருவான இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் காங்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. பழைய குடியிருப்புகளில் சன்ஷேடின் அடிப்பாகம் பொரிந்து, கம்பி வெளியே தெரிந்து தொங்குவது இப்படித்தான். இந்தியத் தரக்குறியீடு ஐஎஸ் 456, 2000 ஆம் ஆண்டுப் பதிப்பின்படி சாதாரணச் சூழலில் கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடியிருந்தால் போதும், கடற்கரைச் சூழலுக்கோ 45 மில்லிமீட்டர் வேண்டும். ஓரத்தில் 75 மில்லிமீட்டர் கனமே உள்ள சன்ஷேடில் 45 மில்லிமீட்டர் மூடுகனம் விட்டுக் கம்பி கட்டியதை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. ஆக, தேவையான மூடுகனம் இல்லாத ஒரு மெல்லிய பலகைக்கு ஈரத்தைக் குறைத்துக் கொடுப்பது மட்டுமே நம் கையில் மிஞ்சுகிறது.

மேஸ்திரி சொல்வதிலுள்ள கால் பங்கு உண்மை இதுதான்: தரமான வெளிப்புறப் பெயின்ட் பூச்சுக்குள் நீர் ஊறுவதைக் குறைக்கும். ஆனால் நீர் போகும் பாதையை அது மாற்றாது. அதுவும் சன்ஷேடின் அடிப்பக்கம் பெயின்டரின் கை ஒழுங்காக எட்டாத இடம். மேற்பக்கத்துக்குப் பல வீடுகளில் பெயின்டே கிடையாது. பெயின்ட் சில ஆண்டுகளில் தேயும், காடியோ பூச்சு இருக்கும் வரை இருக்கும்.

காடியை எப்படிப் போடுவது என்பதில் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இனிமேல் காங்கிரீட் போடவிருக்கும் பகுதி இருந்தால், சென்டரிங் பலகையின் மேல் ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி 12 மில்லிமீட்டர் கனமுள்ள மரச் சட்டத்தை ஆணியடித்துவிட்டு அதன் மேல் கான்கிரீட் போடுவது ஒரு முறை. அவ்விடத்தில் கம்பி 12 மில்லிமீட்டர் மேலே ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம், இல்லாவிட்டால் ஏற்கெனவே போதாத மூடுகனத்தில் காடி இன்னும் தின்றுவிடும். சுவரிலிருந்து நீளும் சன்ஷேடில் முக்கியக் கம்பி மேற்பக்கம்தான் இருக்கும் என்பது ஓர் ஆறுதல், ஆயினும் ஓரத்தில் மடித்து இறக்கிய கம்பி முனையும் குறுக்குக் கம்பியும் கீழே தொங்கிக்கொண்டிருப்பது உண்டு. தங்கள் வீட்டைப் போலக் காங்கிரீட் முடிந்துவிட்ட இடத்தில் பூச்சிலேயே காடியை எடுப்பதே முறை. அடிப்பரப்பில் பூசிய பூச்சு ஈரமாக இருக்கும்போது நேரான ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) ஒன்றைப் பதித்து, பூச்சு இறுகத் தொடங்கியதும் ஓரம் உடையாமல் எடுத்துவிடவேண்டும். காடி சன்ஷேடின் முன்பக்கத்தில் மட்டுமல்லாமல் இரு பக்கங்களிலும் திரும்பி வரவேண்டும். அப்படித் திரும்பி வரும் காடி சுவரைத் தொடாமல் 1 அல்லது 2 அங்குலம் முன்பே நின்றுவிட வேண்டும். சுவர் வரை இழுத்துவிட்டால் காடியே வாய்க்காலாகி நீரைச் சுவரில் கொண்டு சேர்க்கும். இதைப் பெரும்பாலான கொத்தனார்கள் நேர்த்திக்காகச் சுவர் வரை கொண்டுபோகிறார்கள், கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது.

நம் பக்கத்தில் டிரிப் மோல்டு என்று பலர் போடுவது காடியே அல்ல. கீழ் விளிம்பில் 2 அங்குல அகலத்துக்குப் பூச்சைக் கனமாக்கிக் கீழே அரை அங்குலம் தொங்கவிடும் பட்டை. அதுவும் வேலை செய்யும், ஏனென்றால் பட்டையின் உள் விளிம்பைத் தாண்ட நீர் மேலே ஏற வேண்டியிருக்கிறது. இரண்டில் எது மேல் என்பதில் தொழில்காரர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பட்டை கம்பியின் மூடுகனத்தைக் கூட்டுகிறது, குளவி கூடு கட்டி அடைத்துவிடவும் முடியாது. காடியில் இவ்வசதிகள் இல்லை. ஆனால் தலைகீழாகத் தொங்கும் கனமான பூச்சு ஒழுங்காகத் தண்ணீர் காட்டப்படாவிட்டால் காங்கிரீட்டோடு ஒட்டாமல் சில ஆண்டுகளில் துண்டு துண்டாக விழும், கீழே ஆள் நடமாடும் இடமாக இருந்தால் அது ஆபத்து. என் விருப்பம் காடி. காங்கிரீட் பரப்பைக் கொத்திக் கரடாக்கிய பிறகு பூசுவார்கள் என்ற உறுதி இருந்தால் பட்டைக்கும் நான் மறுப்புச் சொல்லமாட்டேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை இவ்வளவு. தங்கள் விஷயத்தில் உறுதியில்லாதவை சில இருக்கின்றன. படுக்கையறையின் மேல் மூலையில் ஈரத்திட்டு தெரிவதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் காடி இல்லாததற்கும் தொடர்பு உண்டா என்று நேரில் பார்க்காமல் கூற இயலாது. திட்டு ஜன்னலுக்கு நேர் மேலே இருந்தால் சன்ஷேடும் சுவரும் சேரும் மூலை சந்தேகத்துக்குரியது. கூரைத் தளத்தை ஒட்டிய மூலையில் இருந்தால் மாடியின் தளவோட்டுச் சந்துகள், கைப்பிடிச் சுவரும் தளமும் சேருமிடம், குழாய் வாய் ஆகியவற்றையே முதலில் சந்தேகிப்பேன். அவற்றைக் காடி தொடக்கூட முடியாது. தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டுத் தட்டோடு பதிக்கும் அடுக்கில் 100-க்கு 1 என்ற அளவுக்காவது சரிவு இருக்கிறதா, மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து எங்காவது நீர் தேங்கி நிற்கிறதா என்று பாருங்கள். சன்ஷேடின் மேற்பரப்பும் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். உட்பக்கம் சரிந்த சன்ஷேடுக்கு அடியில் எத்தனை காடி போட்டாலும் வீண்.

காடிக்கு இயல்பாகவே ஓர் எல்லையும் உண்டு. அது வழிந்து வரும் நீரைத்தான் தடுக்கும், காற்று அடித்துத் தள்ளும் சாரலைத் தடுக்காது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது பெய்ததைப் போன்ற மழையில் நீர் கிடைமட்டமாகவே வரும், அதற்குச் சுவர்ப் பூச்சின் தரமும் ஜன்னல் சட்டத்தைச் சுற்றிய அடைப்பும்தான் பதில் சொல்ல வேண்டும்.

கைப்பிடிச் சுவரின் தலையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். வெறும் பூச்சோடு தட்டையாக விட்ட சுவர்த்தலையில் முதல் கோடையிலேயே மயிரிழை வெடிப்பு விழும், அதன் வழியே இறங்கும் நீர் இரு பக்கப் பூச்சையும் ஊதவைக்கும். சுவரின் அகலத்தைவிட இரு பக்கமும் ஒன்றரை முதல் 2 அங்குலம் நீண்டு, மாடிப்பக்கம் சரிந்து, இரு பக்க அடியிலும் காடி வெட்டிய காங்கிரீட் அல்லது கல் பலகையை வைத்தால் தெருப்பக்கச் சுவரில் அழுக்குநீர் வழியாது. கிரானைட் பலகை வாங்குவதாக இருந்தால் பட்டறையிலேயே அடிக்காடியை இழுத்துத் தரச் சொல்லுங்கள், பதித்த பிறகு முடியாது. நீரை வெளியே கொட்டும் தூம்புக் குழாய் இருந்தால் அதைச் சுவரோடு சமமாக வெட்டிவிடாமல் அரையடியாவது வெளியே நீட்டி, கீழ் உதடு பின்தங்கும்படி சாய்வாக அல்லாமல் முன்தள்ளும்படி வெட்டச் சொல்லுங்கள்.

இது ‘பழைய காலத்து வேலை’ என்று மேஸ்திரி சொன்னது ஒருவகையில் சரிதான். நம் கற்கோயில்களின் கொடுங்கை (கூரை ஓரத்தில் நீண்டிருக்கும் கல் இறவாரம்) வளைந்து இறங்கி, கீழ் உதடே எல்லாவற்றிலும் தாழ்ந்திருக்கும்படி செதுக்கப்பட்டது. அதன் உட்புறம் மேலேறிப் போவதால் நீர் உதட்டிலேயே சொட்டிவிடும். ஆவுடையார்கோயில் கொடுங்கையைப் பார்க்கப் போகிறவர்கள் கல்லில் செதுக்கிய கைமரங்களையும் ஆணிகளையும் வியப்பார்கள், அடுத்தமுறை போனால் அந்த உதட்டையும் பாருங்கள். சீமை ஓட்டு வீடுகளின் இறவாரத்தில் பல்பல்லாக வெட்டித் தொங்கவிட்ட மரப்பட்டிகையும் அலங்காரத்துக்கு மட்டும் வைத்ததல்ல, ஒவ்வொரு கூர்முனையும் நீர் திரண்டு விழும் இடம்.

ஏற்கெனவே பூசி முடித்த சன்ஷேடுகளுக்கு என்ன செய்வது என்றால், கட்டிங் மெஷினை வைத்து அடியில் அறுக்க வேண்டாம். பூச்சின் கனம் எவ்வளவு, கம்பி எங்கே என்று தெரியாமல் அறுப்பதால் வரும் கேடு காடியால் வரும் நன்மையைவிடப் பெரிது. ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, அரை அங்குலம் கீழே தொங்கும்படி பிவிசி அல்லது அலுமினியக் கோணப்பட்டையைப் பாலியூரித்தேன் பசையால் ஒட்டலாம். அலுமினியத்தை ஈரச் சிமென்ட் பூச்சில் பதிக்கக் கூடாது, சிமென்டின் காரம் அதை அரித்துவிடும். காய்ந்த பரப்பில் பசையால் ஒட்டுவதில் அந்தச் சிக்கல் இல்லை. பசை காலப்போக்கில் விடும் என்பதால் ஆண்டுக்கொருமுறை ஐப்பசிக்கு முன் பார்த்து மீண்டும் ஒட்ட நேரலாம். மாடியில் ஷீட் கூரை போடும் எண்ணம் இருந்தால் அங்கேதான் தங்கள் உறவினர் காட்டிய தகடு பொருந்தும்: கீழ் ஓரத்தில் ஷீட் 2 அங்குலமாவது ஓரத்தில் மாட்டிய மழைநீர் வாய்க்காலுக்குள் நீண்டிருக்கட்டும், சரிவு குறைவாக இருந்தால் ஷீட்டின் பள்ளங்களின் முனையைக் கீழ்நோக்கி மடித்துவிடச் சொல்லுங்கள், இல்லையேல் நீர் அடிப்பக்கமாகத் திரும்பி இரும்புச் சட்டத்தில் இறங்கும்.

சாரம் பிரிப்பதற்குள் இந்த வேலைகளை முடித்துக்கொள்ளுங்கள், பிறகு ஒரு சன்ஷேடுக்காக மறுபடி சாரம் கட்ட யாரும் வரமாட்டார்கள். பெயின்டர் பட்டி பார்க்கத் தொடங்கும் முன் காடியில் சணல் கயிறோ ரீப்பரோ வைத்து அடைத்துக்கொள்ளச் சொன்னால் அது நிரம்பாமல் தப்பும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு சன்ஷேடின் மேலும் ஒரு வாளி நீரை மெல்ல ஊற்றிவிட்டுக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். காடிக்கு உட்பக்கம் ஐந்து நிமிடம் கழித்தும் காய்ந்தே இருந்தால் மேஸ்திரிக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கலாம்.